பாதி, பாதியின் பாதி

பன்னிரண்டு ஆண்டுக்குப் பிறகு வாய்க்கால் உறைந்த வாரம்.
பிற்பகல் மூன்றுக்கு ஈன்றாள்
கிளாஸ்கே நூற்றுப்பதினொன்று.
அந்தக் கொட்டகையில் பசுக்களுக்குப் பரம்பரைப் பெயர்;
மகளுக்கு எண்ணில் ஒன்று கூடும்.

விட்ஸே சீம்பாலைக் கறந்து
ஒரு சொட்டை அளவுக்கண்ணாடியில் விட்டு
வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தான்:
இருபத்தாறு. நல்ல கெட்டி.
நான்கு லிட்டரும் கன்றுக்குள் இறங்கியபின்
சறுக்குக் கத்திகளைத் தோளில் மாட்டிக்கொண்டு
பனிக்கட்டிமேல் டொக்கம் வரை போய்விட்டான்.
ஊரே போயிருந்தது.

அந்த இரவில்தான்
ஆன்யே முப்பத்தெட்டும் ஈன்றுவைத்தாள்.
அவள் கன்றுக்குப் பால் கிடைத்தபோது
பதினாறு மணி நேரம் ஆகியிருந்தது.
வயிறு நிறைந்தது.
குடலின் கதவுதான் ஏறக்குறையச் சாத்திவிட்டது.

நான் மூன்று வாரத்துக்கு ஒருமுறை
லேவார்டனிலிருந்து வந்து
கழுத்து நரம்பில் ரத்தம் எடுக்கிறவள்.
எனக்குத் தெரிந்த தாய்மை எண்ணாகத்தான் வரும்.
இருநூற்றைம்பத்தாறு.
நூற்றிருபத்தெட்டு.
அறுபத்துநான்கு.

மூன்று குளிர்காலத்துக்கு முன் கிளாஸ்கே இருமிய இருமல் அது.
தீவனம் மறுத்து, மூக்கொழுகி,
அவள் உடம்பு மனப்பாடம் செய்த ஒரு வைரஸின் முகம்.
கருப்பையில் இருந்தவரை மகளிடம் மூச்சுவிடவில்லை.
எல்லாவற்றையும் மடிக்கு இறக்கி
ஒரே வேளையில் ஊட்டிவிட்டாள்.
மார்ச்சில் அவளை லாரியில் ஏற்றினார்கள். பின்னங்கால் கோளாறு.
மகளின் ரத்தத்தில் இன்னும் காவல் நிற்கிறாள்.

“இப்போதே ஊசி போட்டுவிடலாமே?”
போடலாம், விட்ஸே.
மருந்தில் இருக்கும் நலிந்த வைரஸை
மகள் பார்ப்பதற்கு முன்பே
தாய் வாசலில் மடக்கிப் பிடித்துவிடுவாள்.
வந்தது யாரென்றே மகளுக்குத் தெரியாது.

“அப்படியானால் அவள் எப்போதுதான் போவாள்?”
பாதியாவாள். பாதியின் பாதியாவாள்.
கணக்குப்படி முழுசாகப் போவதே இல்லை;
கருவிக்குப் படிக்க முடியாமல் போகும், அவ்வளவுதான்.
அதற்கு முன்னால் சில வாரங்கள் உண்டு.
நோயைத் தடுக்கப் போதமாட்டாள்,
மருந்தைத் தடுக்கப் போதுவாள்.

ஆன்யேயின் கன்று அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை.
பத்தாம் நாளே இருமியது.
இரண்டு வாரம் வைக்கோலில் படுத்துக் கிடந்து
எழுந்தபோது விலா எலும்பை எண்ணலாம்.
ஆனாலும் அதன் சீட்டில் ஏறுகிற எண்,
முழுக்க அதுவே சம்பாதித்தது.
ஓடினால் மட்டும் நெஞ்சில் ஒரு சீழ்க்கை கேட்கும்.
விட்ஸே அந்தக் கன்றின் பக்கம் போகும்போது
வேகமாக நடக்கிறான்.

கிளாஸ்கேயின் மகளுக்கு மூக்கு வழியாக விட்டோம்.
ரத்தத்தில் காவல் நிற்பவள்
மூக்கு நுனி வரை அவ்வளவாக வருவதில்லை.
தும்மினாள். என் கண்ணாடி முழுக்க.

பிறகு வந்த சீட்டுகள்:
முப்பத்திரண்டு.
பதினாறு.
மூன்று வாரம் கழித்து, மறுபடியும் பதினாறு.

இம்முறை பாதியாகவில்லை.
இதில் தாய் எவ்வளவு, மகள் எவ்வளவு என்று
விட்ஸே கேட்டான்.
கருவி அதைச் சொல்லாது.
குழாயில் பெயர் எழுதினேன்:
கிளாஸ்கே நூற்றுப்பன்னிரண்டு.