மூன்று மீற்றர் பிழை

நான் பிறந்தது நாலாம் கொலனி.
இது பதினைந்தாவது.
பெயர் வைக்க நேரமில்லாத ஊர்களில் வளர்ந்ததால்
எண்ணை நம்பிப் போவது எனக்குப் புதிதல்ல.

வடக்கே ஏழு பாகை இருபத்தாறு கலை,
கிழக்கே எண்பத்தொன்று நாற்பத்திரண்டு.
விகலையைச் சொல்லமாட்டேன்,
அது தேடுகிறவர்களின் சொத்து.
வாய்க்கால் கட்டால் போய்
உடைந்த மதகில் சைக்கிளைச் சாத்திவிட்டு
நாயுருவி காற்சட்டையில் ஒட்ட ஒட்ட நடந்தால்
காடு வெட்ட வந்து
முதல் போகம் காணாதவர்களின் சவக்காலை.

பெட்டியை ஒளித்தவன் யாரோ வெளியூரான்.
குறிப்பில் எழுதியிருந்தான்:
தோண்டவேண்டாம். கல்லறையில் கை வைக்கவேண்டாம்.
வெடிபொருள் அல்ல.
கடைசி வரி எங்களுக்கென்றே சேர்த்ததாக இருக்கும்.

ஏழு வருடம் முழங்காலில் நின்று
கண்ணிவெடி எடுத்தவள் நான்.
ஒளித்த பெட்டி என்றால்
முதுகு தானாக விறைக்கும்.
இப்போது அதையே விளையாட்டுக்குத் தேடுகிறேன்.
சம்பளமில்லை. பழக்கம்.

வந்துவிட்டாய் என்றது ஃபோன்.
பிழை: மூன்று மீற்றர்.

அந்த மூன்று மீற்றருக்குள்
கை உடைந்த சிமெந்துக் குருசு ஒன்று.
கறையான் பாதி வாசித்து முடித்த பாலைக் கட்டை.
ஒரு செங்கல் வரிசை, தொட்டில் நீளம்.
அப்புறம் ஓர் இடம்,
பள்ளமென்றும் சொல்ல முடியாது,
மண் கொஞ்சம் களைத்துப்போயிருந்தது.

காலை எங்கே வைப்பது?
பழைய வேலை கைகொடுத்தது:
ஒரு குச்சி, ஒரு சாண், ஒரு மூச்சு.

"என்னகா தேடுறா, புதையலோ?"
வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்
மாடு சாய்த்துக்கொண்டு நின்றார் அலியார்.
"பொலிஸ் கண்டா
பூசைச் சாமான் எங்கயெண்டு கேப்பாங்க."

பெட்டி என்றேன்.
"அந்த மஞ்சள் சாப்பாட்டுப் பெட்டியா?
அத யானை உருட்டிக்கிட்டுக் கிடந்திச்சு.
எடுத்து எங்கட மையவாடிப் பக்கம்
வீரை மரப் பொந்துக்குள்ள வெச்சன்.
மழையில நனையும் எலுவா?"

நாற்பது அடி.
செய்மதிகளுக்குத் தெரியாது.
மீசான் கட்டைகளைச் சுற்றிக்கொண்டு போனேன்.

பெட்டிக்குள் ஒரு சாவிக்கொத்து, இரண்டு மாபிள்,
ஒரு கொப்பி.
முதல் பக்கம்: வந்தோம், கண்டோம், நன்றி.
தேதி, கிறுக்கல் கையெழுத்து.
அடுத்த பக்கத்திலிருந்து நீலப் பேனை:

கந்தவனம், காட்டுக்காய்ச்சல்.
ஆதம்பாவா, யானை.
யோனாஸ், மரம் சரிஞ்சு.
வெள்ளம்மையின்ர ரெட்டைப் பிள்ளைகள், பேர் வைக்கல்ல.
ஓவசியரோட வந்த பெடியன், பேர் தெரியா, நல்லா நீந்துவான்.

ஐந்து பக்கம்.

"பேரை எழுதச் சொல்லிக் கிடந்திச்சு," என்றார்.
"என்ர பேரை எழுத நானென்ன பெரிய ஆளா?
கிடக்கிற ஆக்கள்ர பேரத்தான் கேக்காங்களாக்கும் எண்டு
வாப்பா சொல்லுற வரிசையில எழுதினன்."

எடுத்தால் ஒன்று வை என்பது விதி.
நான் எதையும் எடுக்கவில்லை.
ஆனால் கடைசி வரியில் மை தீர்ந்து
'முத்து' என்று நிற்கிறது.
முத்துலிங்கமா, முத்தும்மாவா?
குருசுப் பக்கமா, மீசான் பக்கமா?

என் பேனையைத் திறந்துகொண்டு கேட்டேன்.
"அதுவா," என்று தொடங்கினார்.
அதற்குள் ஒரு நாகு
யாருடையதோ வயலுக்குள் இறங்கிவிட்டது.
"பொறு வாறன்" என்று ஓடினார்.

மூடியில்லாத பேனையோடு
வீரை மரத்தடியில் நிற்கிறேன்.
ஃபோன் இன்னும் சொல்கிறது,
நான் தவறான இடத்தில் நிற்பதாக.