கண்ணாடியின் பின்பக்கம்

அலமாரிக் கதவிலிருந்து கழற்றியது.
திருகாணி நான்கு, அதில் ஒன்று துரு.
தினமும் காலை பத்து மணிக்கு
நிபால்தோவின் தொடைகளுக்கு நடுவே
இதை நிறுத்திப் பிடிக்கிறேன், இருபது நிமிடம்.

வலது காலை அசைக்கிறான்.
கண்ணாடிக்குள் ஓர் இடது கால் அசைகிறது.
விரல்களை மடக்குகிறான், அதுவும் மடக்குகிறது.
முறுக்கிக்கொண்டு கிடந்த ஏதோ ஒன்று
மெல்ல அவிழ்வது அவன் முகத்தில் தெரிகிறது.

எனக்குத் தெரிவது பின்பக்கம்:
பழுப்பு அட்டை, வளைந்த ஆணி,
கடைக்காரன் பென்சிலில் எழுதிய விலை,
எந்தக் காலத்துப் பணமோ.
அட்டைக்குக் கீழே கட்டுத்துணி சுற்றிய முழங்கால்.
அதற்கும் கீழே போர்வை.

வால்பரைசோவில் எங்கள் வீடு குன்றின் மேல்.
நூற்று அறுபத்து மூன்று படிகள்.
எண்ணியது நான்,
அவனை மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்த அன்று.
முப்பது வருடம் ஏறி இறங்கியவனுக்குப்
படி என்று ஒன்று இருந்ததே தெரியாது.
குன்றேறும் இழுவைப் பெட்டி
மழைக்காலத்திலிருந்து ஓடவில்லை.
'பழுது' என்ற பலகையே சாயம் போய்விட்டது.
துறைமுகத்து ஆட்கள் நான்கு பேர்
சாப்பாட்டு நாற்காலியோடு அவனைத் தூக்கினார்கள்,
ராயப்பர் திருநாளில் சுரூபம் தூக்குவது போல.
வழியெல்லாம் சுரூபம் கண்ணை மூடிக்கொண்டிருந்தது.

வடம் அறுந்தால் அடிதான் முதலில் வருமாம்,
சத்தம் பிறகு.
எனக்கு இன்னும் சத்தம் வந்துகொண்டிருக்கிறது.

முதல் வாரங்களில்
அவன் கேட்குமுன் தண்ணீர்.
எழ நினைக்குமுன் அக்குளில் என் கை.
ஒருநாள் கத்தினான்:
"எதெல்மிரா, நான் சிமெண்ட் மூட்டை இல்லை.
விழுந்தால் விழுகிறேன். விழ விடு."
விழுந்தான். அடுப்பருகே, உருளைக்கிழங்குக் கூடையோடு.
ஒவ்வொரு கிழங்காக உருண்டு ஓய்ந்து,
அவன் மேசைக்காலைப் பற்றி எழும்வரை
கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
அவ்வளவு இறுக்கமாக
யாரையும் நான் பிடித்ததில்லை.

எதிர்வீட்டு உல்தா கூழ் கொண்டுவருகிறாள்,
பீன்ஸும் பூசணியும் போட்டு.
அவன் எதிரிலேயே என்னிடம் கேட்கிறாள்,
"சாப்பிடுகிறாரா? தூங்குகிறாரா?"
"வாயை வெட்டவில்லை, அம்மணி" என்றான் அவன்.
அவள் போன பிறகு சிரித்தோம்.
கூழில் உப்பு இல்லை. அதற்கும் சிரித்தோம்.

இரவில் இல்லாத கால் அரிக்கிறது.
"சுண்டுவிரல் இடுக்கில்."
முதல் தடவை குளியலறைக்குப் போய் அழுதேன்.
இப்போது விரிப்பில் அந்த இடத்தைச் சொறிகிறேன்.
"இன்னும் மேலே."
மேலே.
"அங்கேதான்."
தூக்கத்தில்கூட அங்கே
நான் என் காலை நீட்டுவதில்லை.

நேற்று, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டான்:
"அதை என்ன செய்தார்கள்?"

ஒரு தாளை நீட்டினார்கள், நிபால்தோ.
எரிப்பதா புதைப்பதா என்று இரண்டு கட்டங்கள்.
எதில் குறி போட்டேன் என்று நினைவில்லை.
என் பையில் இருந்தது
சந்தைக் கணக்கு எழுதும் பச்சைப் பேனாதான்.
அதில் கையெழுத்துப் போட்டேன்.

சொல்லும்போது கண்ணாடி நடுங்கியது.
அவன் பக்கத்தில் ஓர் இடது கால் நடுங்கியிருக்கும்.

துறைமுகத்தில் ஒரு கப்பல் இருமுறை ஊதியது.
"பச்சையிலா?" என்றான்.
"பச்சையில்."
பிறகு,
"கை வலிக்கிறதா?"
இல்லை என்றுதான் சொல்வேன் எப்போதும்.
"வலிக்கிறது" என்றேன்.
"கீழே வை."

ஏழு நிமிடம் பாக்கி இருந்தது.
படுக்கையில் எங்களுக்கு நடுவே மல்லாக்க வைத்தேன்.
அதில் கூரைத் தகரம், ஒரு மூலையில் ஈரக்கறை.
அவன் அந்தப் பக்கமிருந்து குனிந்தான்,
நான் இந்தப் பக்கமிருந்து.

"ஒழுகுகிறது" என்றான்.
"மழைக்கு முன் ஏறிப் பார்க்க வேண்டும்."
யார் ஏறுவது என்று நான் கேட்கவில்லை.