ஆறின தேதி

திருமயம் சாலையிலிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டர்,
கருவேலம் முடிந்து குவாரி தொடங்கும் இடம்.
வெடி வைத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.
மருந்து வாடை பள்ளத்திலேயே நின்றிருந்தது.
புதிதாக உடைந்த முகத்தில் காக்காப்பொன்,
கறுப்புச் செதில்கள்,
நான் தலையை அசைத்தால் அவையும் இடம் மாற்றி மின்னின.

"கல்லு எப்பப் பொறந்துச்சுன்னு இதுலயா தெரியும்?"
வெடிக்காரர் செபஸ்தியான் கேட்டார்.
பிறந்தது தெரியாது என்றேன்.
ஆறினது தெரியும்.

அவருக்கு ஆதாரில் ஜூன் ஒன்று.
பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று வாத்தியார் போட்டது.
அவர் அம்மா சொன்னதெல்லாம்
கண்மாய் உடைஞ்ச வருஷம், அறுப்புக்கு முன்னால.
"அப்ப இந்தக் கல்லுக்கும் ஜூன் ஒண்ணுதான்" என்றார்.
பதினாறு வருஷமாக வகுப்பெடுக்கிறேன்,
இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

பொட்டாசியத்தில் பத்தாயிரத்தில் ஒன்று
அவசரமில்லாமல் மாறிக்கொண்டிருக்கிறது.
நூறு அணு மாறினால் எண்பத்தொன்பது கால்சியமாகிக்
கூட்டத்தில் கலந்துவிடும். தேடிப் பயனில்லை.
மிச்சம் பதினொன்று ஆர்கான்.
யார் கையையும் பிடிக்காத வாயு.
மைக்காவின் தாள்களுக்கு நடுவே ஒண்டிக்கொள்ளும்,
ஒண்ட விட்டால்.

கல் சூடாக இருக்கும்வரை விடுவதில்லை.
உண்டானது உண்டானபடியே விளிம்புக்கு நகர்ந்து
வெளியே போய்விடும்.
கோடி வருஷம் போனாலும் கணக்கில் ஒரு பைசா சேராது.
முந்நூறு டிகிரி வாக்கில் இறங்கும்போதுதான்
நடை தளர்கிறது.
கதவு சாத்தும் சத்தமெல்லாம் கிடையாது,
பல லட்சம் வருஷம் ஒருக்களித்தே கிடக்கும்.
சின்னச் செதில் பிந்தி மூடும்.
மடங்கிய செதில் மூடின பிறகும் கசியும்.
அதற்கப்புறம் வந்ததுதான் தங்கும்.
நாங்கள் எண்ணுவது அதை.

போன மாதம் இதே பாறையில் எடுத்த துண்டுக்கு
சிர்கான் இருநூற்றைம்பது கோடி என்றது,
மைக்கா ஐம்பது கோடி என்றது.
"மேடம், எங்கேயோ தப்பு" என்று
ஆய்வகத்திலிருந்து ரியாஸ் எழுதியிருந்தான்.
தப்பில்லை ரியாஸ்.
நடுவில் ஒரு பெரிய சூடு வந்திருக்கிறது.
சிர்கான் அதைத் தாங்கி உட்கார்ந்திருந்தது.
மைக்கா சேர்த்ததையெல்லாம் விட்டுவிட்டு
ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கிறது.

காரைக்குடி, கல்லுக்கட்டிப் பக்கம் லாட்ஜ்.
கட்டிலுக்கடியில் துணிப் பையில் பதினோரு கிலோ கல்.
மின்விசிறிக்கு இரண்டே வேகம், நிற்பதும் பறப்பதும்.

சிவகங்கையில் எங்கள் தீர்ப்பில் ஒரு தேதி போட்டிருக்கிறார்கள்.
"எப்போதிருந்து சரியில்லை?" என்று வக்கீல் கேட்டபோது
கதிரேசன் ஒரு மாதத்தைச் சொன்னான்,
நான் ஒரு வருஷத்தைச் சொன்னேன்.
இரண்டையும் எழுதிக்கொண்டார், எதையும் நம்பவில்லை.

சூடாக இருந்த நாளில்
என்ன சொல்லிக்கொண்டாலும் விடிவதற்குள் போய்விட்டது.
தட்டு பறந்த இரவுகூட.
சில்லுகளைப் பொறுக்கும்போது இருவருக்கும் சிரிப்பு வந்தது.
பிறகொரு நாள்
ரசத்தில் உப்பில்லை என்றான், மெதுவாகத்தான்.
அது போகவில்லை.
அடுத்தது வந்து அதன் மேல் உட்கார்ந்தது.
அதற்கும் மேல் நான் சொன்ன ஒன்று.

அந்த முதல் ஆறு வருஷம் எந்தக் கருவியிலும் ஏறாது.
பூஜ்யம் என்றுதான் காட்டும்.
பூஜ்யம் இல்லை.
ஒன்றும் தங்காத அளவுக்குச் சூடு இருந்தது.

கையை மூன்று முறை கழுவியும்
மணிக்கட்டில் ஒரு செதில் ஒட்டியிருக்கிறது.
சீட்டில் மாதிரி எண் எழுதினேன், ஊர் எழுதினேன்,
வயதுக்கு இடம் விட்டேன்.
பத்து மணிக்கு செபஸ்தியான் போன்:
நாளைக்கு ஏழுக்கு வெடியாம்.
"வேணுங்கிறத அதுக்குள்ள வந்து எடுத்துக்கங்க.
அப்புறம் எல்லாம் ஜல்லிதான்."