செல்வழி

இப்ஸ்விச்சுக்குத் தெற்கே,
போன வருஷம்வரை மாடு மேய்ந்த சரிவில்
முப்பத்தொரு புது வீடுகள்.
பன்னிரண்டாவது நெரிடா ஹாலோரனுடையது.
இரவெல்லாம் ஆம்புலன்ஸ் அழைப்புகளை எடுத்துவிட்டு
காலை ஐந்தே முக்காலுக்கு வந்து இறங்குகிறாள்.
வாசலில் கான்கிரீட் லாரி.
அதன் வயிறு சுற்றிக்கொண்டிருக்கிறது.
கம்பி வலை விரித்தாயிற்று,
பலகை அடித்தாயிற்று,
மட்டக்கயிறும் கட்டியாயிற்று.
கயிறு போகிற உயரத்தைப் பார்க்கிறாள்.
தூக்கம் போய்விடுகிறது.

"நிறுத்துங்கள்."

ஃபிலிமோனி சரியாகத்தான் கட்டியிருக்கிறான்.
சுவரும் பாதையும் சேரும் இடம்
ஒரே கோடு, பார்க்க அழகு.
அந்த அழகுக்குள் மூடிப்போகும்
சுவர் மூச்சுவிட விட்ட துளைகள்;
அவற்றுக்குக் கீழே
அடித்தளத்தின் பூசாத, சாயம் காணாத விளிம்பு.

மண்டியிட்டு
வலது கையைச் சுவரோரம் படுக்கவைக்கிறாள்.
செங்கல்லுக்குக் கீழே நான்கு விரல்கடை.
"இவ்வளவும் தெரிய வேண்டும். எப்போதும்."

"மருந்து அடித்திருக்கிறதே, மேடம்.
மீட்டர் பெட்டியில் ஸ்டிக்கர்கூட இருக்கிறது."

"இருக்கிறது. கரையான் அதை வாசிக்காது."

லாரிக்காரர் மணிக்கட்டைத் தட்டிக் காட்டுகிறார்.
கலந்த கான்கிரீட்டுக்குப்
பொறுமை மனிதரைவிடக் குறைவு.

ஜிம்பியில் இருந்த வீட்டைப் பற்றி அவள் சொல்லவில்லை.
ஒருநாள் கதவு நிலையில் சும்மா கட்டைவிரலை ஊன்றினாள்,
விரல் உள்ளே போனது.
மரத்தின் வடிவத்தில்
பெயின்ட் மட்டும் நின்றுகொண்டிருந்தது.
ஒன்பது வருஷம் அந்தக் கதவைச்
சாத்தியும் திறந்தும் இருந்திருக்கிறார்கள்.
ப்ரெண்டனின் கடன்கள் தெரியவந்ததும் அதே மாதம்தான்.
அது வேறு கதை.

கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகும் என்பார்கள்.
இங்கே முப்பது வருஷத் தவணையில்
புற்றெடுத்திருப்பது ஒரு மனுஷி.

இதை எழுதும் மொழியில்
கரையானுக்குச் செல் என்றும் பெயர்.
கார் போக நாம் போடுவது செல்வழி.
நடுவில் கொஞ்சம் இடம் விட்டுப் படித்தால்
செல் வழி.
நெரிடா விடச் சொல்வதும் கொஞ்சம் இடம்தான்.
அது எதையும் கொல்லாது,
எதையும் தடுக்காது.
ஏறுகிற எதுவும்
அந்த நான்கு விரல்கடையை
வெளிச்சத்தில் கடக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

ஃபிலிமோனி கயிற்றை அவிழ்த்தான்.
"கராஜ் வாசலில் சின்னப் படி ஒன்று வரும்."
"வரட்டும்."
மச்சான்மார் இருவரும் மண்வெட்டி எடுத்தார்கள்.
லாரிக்காரர் திட்டிக்கொண்டே இறங்கி
தாமும் ஒன்றை எடுத்தார்.
சீருடையைக்கூட மாற்றாமல்
அவள் வாளியில் மண் சுமந்தாள்.
ஆறே முக்காலுக்குள் மட்டம் இறங்கியது.
கான்கிரீட் சாம்பல் நிறக் கஞ்சியாக வழிந்தது.

அன்று பொழுது சாயும்போது
வேலை முடிந்துபோன ஃபிலிமோனி திரும்பி வந்தான்.
பலகையைத் தாங்க அடித்த பைன் முளைகளில்
ஒன்று மண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டதாம்,
வண்டியில் எண்ணிப் பார்த்தபோது குறைந்ததாம்.
தேடிப் பிடுங்கி, மண்ணைத் துடைத்துச் சொன்னான்:
"விருந்து வேண்டாம் என்றவர் வீட்டில்
ஒரு பருக்கை கிடக்கலாமா?"

மாசத்துக்கு ஒருமுறை, இரவுப்பணிக்குக் கிளம்புமுன்
டார்ச்சோடு அவள் சுவரைச் சுற்றுவாள்.
பக்கத்து வீட்டு நாய்க்குக்கூடப் பழகிவிட்டது.
பதினோராவது மாசம்,
குழாயடிக்கு இரண்டடி தள்ளி
விளிம்பின்மேல் ஒரு பழுப்புக் கோடு.
பென்சில் தடிமன் மண்குழாய்.
இரண்டு விரல்கடை ஏறியிருந்தது,
இன்னும் இரண்டு மீதி.

பயப்படுவாள் என்றுதான் அவளே நினைத்திருந்தாள்.
வாய்விட்டுச் சொன்னாள்:
"வா. உன்னைப் பார்க்க முடிகிறது."

உடைக்க நீண்ட விரல்
பாதியில் நின்றது.
உடைத்தால் வேறு வழி தேடும்.
டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு
மீட்டர் பெட்டியைத் திறந்து
ஸ்டிக்கரில் இருந்த எண்ணை
ஒவ்வொன்றாக அழுத்தத் தொடங்கினாள்.