கையை மூடினால் நில்

சுவர் டிரெய்லரில் படுத்துக்கொண்டு வந்தது,
ஜன்னலுக்கு விட்ட ஓட்டையோடு,
சுவிட்சுக்குக் குடைந்த குழியோடு,
முதுகில் ‘வடக்கு ஏழு’ என்று பெயிண்ட்.
குள்ளஞ்சாவடி வளைவில் திரும்ப முடியாமல்
இரண்டு பஸ்ஸையும் ஒரு கரும்பு டிராக்டரையும்
ஒன்றரை மணி நேரம் நிறுத்தி வைத்தது.
திருபுவனை ஃபேக்டரியில்
இட்லி மாதிரி ஆவியில் வெந்ததாம்.

சுவர் என்றால் அடியிலிருந்து மேலே போவது.
பதினெட்டு வருஷம்
பாண்டு சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக
அதைத் தலையில் ஏற்றியவள் நான்.
இது மேலேயிருந்து இறங்குகிறது.

முதுநகரில் நாற்பத்தைந்து நாள் பயிற்சி.
போல்ட் முறுக்க, ரசமட்டம் பார்க்க,
சங்கிலியில் நெளிவு தேட,
கிரேனுக்குக் கை காட்ட.
விரல் மேலே சுழன்றால் தூக்கு.
உள்ளங்கை கவிழ்ந்தால் இறக்கு.
கையை மூடினால் நில்.
யார் மூடினாலும் நிற்க வேண்டும்.

கிரேன் ஓட்டுகிற மங்கலுக்கு ஊர் ஜார்க்கண்ட்.
அவனுக்கு ‘சாப்டாச்சா’ மட்டும் தெரியும்,
எனக்கு ‘பானி’.
நடுவில் மூன்று டன் தொங்கும்.

கல்குணத்தில் துணை சுகாதார நிலையம்,
பன்னிரண்டே நாளில் என்று பேனர்.
நாலாம் நாள்
கிரேனின் இடது கால் ஊன்றிய இடத்தைப் பார்த்தேன்.
மேலே கிராவல், கெட்டியாகத்தான் இருந்தது.
அடியில் வாய்க்கால்.
பரவனாறு ஏறின வருஷம் தூர்ந்தது,
நூறுநாள் வேலையில் நாங்கள் பாதி தோண்டி
பில் பாஸாகாமல் விட்டது.
வரைபடத்தில் இல்லை.
என் இடுப்பில் இருக்கிறது.

சுவர் இடப்பக்கம் சுழலப் போகும்போது
கையை மூடினேன்.

ஜன்னல் ஓட்டைக்குள் கொஞ்சம் வானம் ஆடியது.
“கொளஞ்சி! வாடகை மணிக்கு எவ்வளவு தெரியுமா?”
தெரியும் சார். என் ஆறு நாள் கூலி.
மங்கல் சாரைப் பார்க்கவில்லை,
என் கையைப் பார்த்தான்.

சுவரைத் திரும்பப் படுக்கவைத்துவிட்டு
கடப்பாரை போட்டோம்.
இரண்டடிக்குக் கீழே அது தானாகவே போனது.
கட்டை அடுக்கி, கால் மாற்றி,
சாயங்காலம் நாலரைக்கு
வடக்கு ஏழு தன் போல்ட்டுகளின் மேல்
சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

சனிக்கிழமை, சம்பள நோட்டில்
என் பேருக்கு எதிரே: சித்தாள்.
லேமினேஷன் போட்ட சான்றிதழை நீட்டினேன்.
“அந்த வேலைக்குக் கம்ப்யூட்டர்ல கட்டம் இல்லம்மா”
என்றார் தேவசகாயம்,
பேனாவை மூடி கழற்றிக் கொடுத்தபடி.

கையை மூடினேன்.

வரிசையில் எனக்குப் பின்னால் பதினோரு பேர்.
யாரோ ‘சீக்கிரம்’ என்றார்கள்.
அங்கே மேலே, என்னவென்று புரியாமலே,
மங்கல் இஞ்சினை அணைத்தான்.