முட்டை தாழ்ந்த நாள்

உப்பு நீரில் முட்டை மிதக்கும் என்று
வழிகாட்டியில் ஒரு படம்.
கரும்பலகையில் அதைக் கீறிவிட்டு
நாற்பது நிமிடத்தை நான் முடித்திருக்கலாம்.

"கடலிலயும் மிதக்குமா, டீச்சர்?"
பிறேமினிதான் கேட்டாள்.
ஓம் என்பது நாக்கு நுனிவரை வந்தது.
அதை விழுங்கப் பழக்கத்தான்
போன மாதம் மூன்று நாள் பயிற்சி வைத்தார்கள்.
விழுங்கினேன்.
"பாப்பமா?" என்றேன்.

பள்ளிக்கூடத்துப் பின்கேற்றிலிருந்து
இறக்கக்கண்டிக் கடலுக்கு அறுபத்து மூன்று எட்டு.
லோகிதன் எண்ணினான்; எவரும் எண்ணச் சொல்லவில்லை.
கச்சான் காலம், கடல் குளம்போலக் கிடந்தது.
றிஃப்கா வீட்டுக் கோழி அன்று காலை இட்டது
சாப்பாட்டுப் பெட்டிக்குள் துணி சுற்றி வந்திருந்தது.
வாளியில் கடலை அள்ளி
விட்டோம்.

தாழ்ந்தது.

கூச்சமே இல்லாமல் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.
முப்பத்தொரு முகங்கள் என்னைப் பார்க்க
நான் வாளியைப் பார்த்தேன்.
இருபத்திரண்டு வருடம் இந்தக் கரையில் படிப்பித்தவள்,
ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை.

"படம் பிழை" என்று சொன்னவள்
உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்,
அச்சடித்ததைத் திட்டிவிட்ட பயத்தில்.
"கடலில உப்புக் காணாது" என்றான் லோகிதன்.
சிரிப்பு அடங்க நேரமெடுத்தது.
உப்புக் காணாத கடலாம்!
அவன் சிரிக்கவில்லை. அவனுடைய அப்பாவுக்கு
கும்புறுப்பிட்டி உப்பளத்தில் வேலை.
"கடைசிப் பாத்தித் தண்ணி கால் வெடிப்பில பட்டா
அப்பா இரவு முழுக்க நித்திரை கொள்ளமாட்டார்."

அடுத்த திங்கள் சோடாப் போத்தல்கள் வந்தன.
கிணறு, களப்பு, கடல்,
உப்பளத்தில் முதல் பாத்தி, நடுப் பாத்தி, கடைசி.
மீன்கடைத் தராசு ஒன்றும் இரவல் வந்தது,
செதில் ஒட்டியபடி.

கடைசிப் பாத்தியில் முட்டை எழும்பி
ஒரு ரூபாய்க் குற்றியளவு மொட்டைத் தலை காட்டியது.
போட்ட கூச்சலில்
எட்டாம் தரம் யன்னலுக்கு வந்துவிட்டது.

களப்புத் தண்ணீர் கடலைவிடப் பாரம் என்றது தராசு.
"மாரியிலயும் அப்பிடியா?"
மாரிக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.
வெறும் போத்தலொன்றில் மார்கழி என்று எழுதி ஒட்டி
அலுமாரியில் வைத்தோம்.

மூன்றாம் கிழமை, வலயத்திலிருந்து ஆலோசகர்.
பதிவேட்டைப் புரட்டினார்.
"அஞ்சு பாடவேளைக்கு ஒரு முட்டையா?
கற்றல் பேறு எங்க?"
நான் வாய் திறக்குமுன் பிறேமினி எழும்பினாள்:
"சேர் போட்டுப் பாத்தனீங்களா?"

கொஞ்ச நேரம் பேனையை மூடித் திறந்தார்.
பிறகு சட்டைக் கையை மடித்து
அதே முட்டையை எடுத்து
முதலில் கையில் அகப்பட்ட
கிணற்றுத் தண்ணீர் வாளியில் விட்டார்.

மிதந்தது.

நல்ல தண்ணீரில்.
இரண்டு கிழமையாக நாங்கள் எழுதிய
அட்டவணை முழுவதற்கும் மேலே
சாவகாசமாய் ஒரு சுற்றுச் சுற்றியது.

"இதென்ன?" என்றார், உண்மையாகவே தெரியாமல்.
இந்த முறை விடை எனக்குத் தெரியும்.
பல்லுக்குப் பின்னால் அதை வைத்துக்கொண்டு
யன்னலால் கடலைப் பார்த்தேன்.

றிஃப்கா குனிந்து
முட்டையை மூக்கருகே கொண்டுபோனாள்.