நாலு விரல் தொய்வு

நாளைக்கு டோக்கன்.
மண்டபத்தில் இன்றிரவு எந்த லேத்தும் தூங்காது.
பட்டறை வாசலில் மூன்று விசைப்படகுகளின் வயிறு
கழற்றிப் போட்டுக் கிடக்கிறது.
ஆறு சிலிண்டர் ஒன்று, நாலு சிலிண்டர் இரண்டு,
கியர்பாக்ஸ் மூடிக்குள் யாரோ மறந்த பீடிக்கட்டு.

மேலே ஐ-பீமில் தொங்குகிறது பேலன்சர்,
கனத்த இம்பேக்ட் கன்னை
ஒரு கொய்யாப்பழம்போல ஏந்திக்கொண்டு.
இழுத்தால் இறங்கும்.
விட்டால் விட்ட இடத்தில் நிற்கும்.
லாம்பர்ட் அதை மருமகன் என்றுதான் கூப்பிடுவான்.
சொன்ன இடத்தில் நிற்கிறதாம்.

ஸ்டோர் சாவி என்னிடம்.
ஐந்து முதல் ஒன்பது கிலோ என்று
தகட்டில் எழுதியிருந்ததை வாசித்தவள் நான் ஒருத்திதான்.
கன்னை மட்டும் நிறுத்தால் போதாது,
சாக்கெட்டையும் சேர், தொங்கும் காற்றுக்குழாயையும் சேர் என்று
ஏலக்கூடத்துத் தராசைக் கடன் வாங்கி வந்தேன்.
ஏழு கிலோ நானூறு.
அன்று முழுக்கக் கன்னில் சூடை மீன் வாசம்.

கொக்கி ஒன்று போதாது, தனிச் சங்கிலி வேண்டும் என்றேன்.
சேகு ஜலால் பாய் கணக்கு நோட்டை மூடிவிட்டு
"அதான் தொங்குதுல்ல?" என்றார்.
தொங்குதுதான்.
விழும்வரைக்கும் எல்லாமே
தொங்குதுதான் பாய்.

இந்தக் கரையில் உப்பு கதவு தட்டி வருவதில்லை.
கச்சான் காற்று தகர இடுக்கில் நுழைந்து
கொக்கியின் கழுத்தையே நக்கிக்கொண்டிருக்கும்.
பெயிண்ட் அடித்தால்
பெயிண்டுக்கு உள்ளே உட்கார்ந்து நக்கும்.

அந்த வாரம் நாங்கள் குடித்ததாக
நான் எழுதிய டீ நூற்றுப் பதினாறு.
படகுச்சாமான் கடையில் அது சங்கிலியாக மாறியது.

வேறு துளை, வேறு போல்ட்.
கொக்கி போனால் கூடவே போகாத இடம்.
தொய்வு நாலு விரல்;
அதற்குமேல் விட்டால்
விழும் வேகத்துக்குச் சங்கிலியே பதில் சொல்லாது.
கீழேயிருந்து லாம்பர்ட் சிரித்தான்:
"ஒரு கழுத்துக்கு ரெண்டு தாலியா, டெல்மா?"
ஏணியில் நின்ற நான் ஒன்றும் சொல்லவில்லை.
வாயில் ஸ்பிளிட் பின் இருந்தது.

கன்னைக் கழற்றுமுன் டிரம்மைப் பூட்டு என்று
எத்தனை தரம் சொல்லியிருப்பேன்.
சுமை இல்லாத கயிற்றைக் கைவிட்டால்
அது கயிறு இல்லை, சாட்டை.
இடது புருவத்துப் பிறை எப்படி வந்ததென்று
லாம்பர்ட் தன் மனைவியிடம் சொன்ன கதை
வேறு.

இன்று மதியம் இரண்டே கால்.
அவன் ஹெட் போல்ட்டின்மேல் குனிந்திருந்தான்.
தேங்காய் உடைந்ததுபோல ஒரு சத்தம்.
பேலன்சர் நாலு விரல் இறங்கியது.
நின்றது.
பிடரிக்கு ஒரு முழம் மேலே
கன் இரண்டு தரம் ஆடி அடங்கியது.
கம்ப்ரசர் மட்டும்
ஒன்றும் நடக்காததுபோல ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்றும் நடக்கவில்லைதான்.
விபத்துப் பதிவேட்டில்
காயம்: இல்லை.
இழந்த வேலைநாள்: இல்லை.
முறிந்த கொக்கியை விளக்கடியில் பிடித்தேன்.
சுற்றிலும் பழைய துரு,
நடுவே ஒரு மிளகளவு புது வெள்ளை.
இத்தனை நாளாகத் தூக்கிக்கொண்டிருந்தது
அந்த மிளகுதான்.

கேசைத் திறந்து ஸ்பிரிங்கை எடுக்கலாமா என்றார் பாய்.
உள்ளே சுருண்டிருப்பது
முதலாளி யார், கூலி யார் என்று பார்த்துப் பாயாது.
சாக்கில் கட்டி, 'தொடாதே' என்று எழுதி
அலமாரியில் பூட்டினேன்.
டீக்கணக்கைப் பற்றி அவரும் கேட்கவில்லை.

இப்போது மணி பதினொன்று.
புது பேலன்சர், புதுக் கொக்கி.
சங்கிலி மாட்ட ஏணியில் ஏறியிருப்பவன் லாம்பர்ட்.
கீழே ஒருவரும் நிற்கக்கூடாதென்று
அவனே கத்தி விரட்டுகிறான், என்னையும்.
தொய்வுக்குள் நாலு விரலை நுழைத்துப் பார்த்துவிட்டு
என்னைப் பார்க்கிறான்.

அவன் விரல் தடிமன்.
ஒரு கண்ணி குறை என்றேன்.
குறைத்தான்.